பீரியட்ஸ் நாள்ல கை கால் ஸ்லோ ஆகுமா? ஒரு நோட்டும் 30 செ.மீ. ஸ்கேலும் வெச்சு நீங்களே பாத்துக்கறது எப்படி

கடலூர்ல சாயங்காலம் வாலிபால், கபடின்னு ஆட வர்ற பொண்ணுங்க சுத்தி சுத்தி கேக்கற கேள்வி இது: "அக்கா, பீரியட்ஸ் டைம்ல ஆடினா ஆட்டம் சொதப்புமா?" இதுக்கு வீட்ல அம்மா ஒரு பதில் சொல்வாங்க, ஸ்கூல்ல பி.டி. சார் நெளிஞ்சிகிட்டே ஒரு பதில் சொல்வார், போனை தொறந்தா நாலு கலர்ல ஒரு சார்ட் வந்து இந்த வாரம் ஓடு இந்த வாரம் தூங்குன்னு ஆர்டர் போடும். எல்லாத்தையும் கேட்டுட்டு பொண்ணு பாவம் பேசாம ஓரமா போய் உக்காந்துக்கும்.

ஸ்போர்ட்ஸுக்கு புதுசா வந்திருக்கற பொண்ணுங்க, அவங்கள கிரவுண்டுக்கு அனுப்பற அம்மாமார், புதுசா கோச்சிங் ஆரம்பிச்சவங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். உங்களுக்கு எப்படி தோணுதுங்கறது ஒரு கணக்கு, உங்க கையும் கண்ணும் எப்படி வேலை செய்யுதுங்கறது வேற கணக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காம தனித்தனியா எழுதி பாருங்க, மூணு மாசம் கழிச்சு முடிவெடுங்க.

முதல்ல சைக்கிள் கணக்கு, சுருக்கமா

ரத்தம் வர ஆரம்பிக்கற நாள் தான் 1-ஆவது நாள். நம்ம வீடுகள்ல தலைக்கு குளிக்கற நாள்ல இருந்து எண்றவங்க இருக்காங்க, அந்த கணக்குல போனா எல்லாமே தள்ளிப்போயிடும். 28 நாள்ங்கறது சும்மா சொல்லி சொல்லி பழகினது, பெரியவங்களுக்கு 21-ல இருந்து 35 நாள் வரைக்கும் எதுவா இருந்தாலும் நார்மல் தான். வயசுக்கு வந்து முதல் ரெண்டு மூணு வருஷம் 45 நாள் வரைக்கும் கூட இழுக்கும், பயப்பட வேணாம்.

முதல் பாதில ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் மெதுவா ஏறும், நடுவுல முட்டை வெளிய வரும், அதுக்கப்புறம் புரோஜெஸ்ட்ரோன்ங்கற இன்னொரு ஹார்மோன் ஆட்சி. இந்த ரெண்டாவது பாதி ஏறக்குறைய 14 நாள், முன்ன பின்ன ரெண்டு மூணு நாள் மாறும், ஆனா முதல் பாதி அளவுக்கு இழுக்காது. அதனால முட்டை எப்ப வந்துச்சுன்னு பாக்க முன்னாடியிருந்து எண்ணாதீங்க, அடுத்த பீரியட்ஸ் வந்த நாள்ல இருந்து பின்னாடி 14 எண்ணுங்க. உங்க சைக்கிள் 32 நாள்னா 18-ஆவது நாள் கிட்ட வரும். இத சரியா செய்யாத ஆப் நெறைய இருக்கு, எல்லாருக்கும் 14-ஆவது நாள்னு குறிச்சு வெச்சிடும்.

புரோஜெஸ்ட்ரோன் ரெண்டு வேலை செய்யும், ஆட்டக்காரங்களுக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, ஒடம்பு சூட்ட 0.3-ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தி விடும். ரெண்டு, அது ஒடைஞ்சு வர்ற ஒரு பொருள் மூளைல அமைதிப்படுத்தற சிக்னல தூக்கி விடும், அதனால சில பேருக்கு தூக்கக் கலக்கம், மந்தம், சில பேருக்கு அதே பொருளால எரிச்சல். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒடம்புக்கு ஒடம்பு மாறும்.

ஆராய்ச்சிக்காரங்க என்ன பாத்தாங்க

லண்டன்ல யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்னு ஒரு பல்கலைக்கழகம், அங்க ஃப்ளாமினியா ரோங்காங்கற ஆராய்ச்சியாளர் குழு 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 241 பேர், 14 நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவை கம்ப்யூட்டர்ல டெஸ்ட். டீம் கேம்ல மூளை செய்யற வேலை மாதிரியே அமைச்சிருந்தாங்க: சிரிக்கற முகம் வந்தா மட்டும் பட்டன அழுத்தணும், கண்ணடிக்கற முகம் வந்தா அழுத்தக் கூடாது, ரெண்டு பந்து நகர்ந்து வந்து முட்டற அந்த நொடில கரெக்டா கிளிக் பண்ணணும், இந்த மாதிரி.

ரிசல்ட் தான் வேடிக்கை. பீரியட்ஸ்ல இருந்தவங்க ஒடம்பு சரியில்ல, மனசு சரியில்ல, இன்னிக்கு நான் சரியா செய்யலன்னு சொன்னாங்க. ஆனா அதே நாள்ல தான் அவங்க ரியாக்‌ஷன் வேகமா இருந்துச்சு, தப்பும் கம்மி. பந்து டெஸ்ட்ல டைமிங் சராசரியா 10 மில்லி செகண்ட் (ஒரு செகண்ட ஆயிரமா வெட்டினா அதுல ஒரு துண்டு தான் மில்லி செகண்ட்) துல்லியமாச்சு, அழுத்தக் கூடாத நேரத்துல அழுத்தறது 25 சதவீதம் கொறைஞ்சுது. பீரியட்ஸுக்கு முந்தின அந்த ரெண்டாவது பாதில ரியாக்‌ஷன் 10-ல இருந்து 20 மில்லி செகண்ட் வரைக்கும் ஸ்லோ, ஆனா தப்பு ஒண்ணும் கூடல.

இத படிச்சிட்டு ஆஹா பீரியட்ஸ்ல தான் நாம சூப்பர்வுமன்னு குதிக்காதீங்க, ஏன்னா அதே பல்கலைக்கழகத்துல இருந்து 2025-ல வந்த இன்னொரு ஆய்வுல, 54 பேர வெச்சு பாத்ததுல, முட்டை வர்ற நாள் கிட்ட தான் ரியாக்‌ஷன் வேகம்னு வந்துச்சு, ரெண்டாவது பாதி நடுவுல இருந்தத விட சுமார் 30 மில்லி செகண்ட் வேகம். ஆனா அதுல எனக்கு பெருசா பட்ட நம்பர் வேற ஒண்ணு. ஒடம்ப அசைக்காம இருக்கறவங்களுக்கும் ரெகுலரா விளையாடறவங்களுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் சுமார் 70 மில்லி செகண்ட். சைக்கிள் கொண்டு வர்ற மாற்றத்த விட கிரவுண்டுக்கு வர்றதா வேணாமாங்கறது கொண்டு வர்ற மாற்றம் ரெண்டு மடங்குக்கும் மேல. அதே வருஷம் 100-க்கு மேல ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசின ஒரு பெரிய கணக்கு, சைக்கிள்னால மூளை வேலைல நிலையான ஏத்த இறக்கம் எதுவும் இல்லன்னு முடிச்சிருக்கு.

ஓட்டம், பலம் இதுக்கும் 2020-ல 78 ஆய்வு சேத்து பாத்தாங்க. பீரியட்ஸ் முதல் சில நாள்ல ஒரு துளி கொறையலாம், கண்டுக்கற அளவுக்கு இல்ல, ஆளுக்கு ஆள் மாறுது, அதனால ஒவ்வொருத்தருக்கும் தனியா பாருங்கன்னு தான் சொன்னாங்க.

ஆளுக்கு ஆள் எவ்ளோ மாறும்னு ரெண்டு உதாரணம். பாலா ராட்கிளிஃப் 2002 சிகாகோ மாரத்தான்ல 2 மணி 17 நிமிஷம் 18 செகண்ட்ல உலக சாதனை வெச்சாங்க, பீரியட்ஸ் வயித்து வலியோட ஓடினேன்னு அவங்களே சொன்னாங்க. நம்ம மீராபாய் சானு 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 199 கிலோ தூக்கி 4-ஆவது இடம், 3-ஆவது வந்தவங்க 200 கிலோ, ஒரே ஒரு கிலோல மெடல் போச்சு. அன்னிக்கு எனக்கு 3-ஆவது நாள், ஒடம்பு கொஞ்சம் வீக்கா இருந்துச்சுன்னு பேட்டில சொன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை தான். இதுல உங்க கதை எதுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லாது, அதுக்குத்தான் நோட்டு.

ஸ்டெப் 1: நோட்டு

ஒரு சின்ன கோடு போட்ட நோட்டு போதும், ஆப் கட்டாயம் இல்ல. பக்கத்துக்கு ஒரு வாரம். தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா நாலாவது நாள் விட்டுடுவீங்க, அதனால கம்மியா வெச்சுக்கோங்க. எழுத வேண்டியது: சைக்கிள்ல எத்தனாவது நாள், நேத்து எத்தன மணி நேரம் தூங்கினேன், வலி 0-ல இருந்து 10-க்குள்ள எவ்ளோ, மனசு எப்படி (ஒரே வார்த்தை, "கடுப்பு"ன்னு எழுதினா கூட போதும்), இன்னிக்கு என்ன பிராக்டிஸ், எனக்கே மார்க் போட்டா 10-க்கு எவ்ளோ.

ஸ்டெப் 2, 3-ல வர்ற டெஸ்ட் செய்யற நாள்ல மட்டும் அந்த கடைசி மார்க்க ராத்திரிக்கு விடாம, டெஸ்ட் ரிசல்ட் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிடணும். இது முக்கியம். ஸ்கோர பாத்துட்டு எழுதினா மனசு தானா திருத்திக்கும்.

தூக்கத்த எதுக்கு எழுத சொல்றேன்னா, தூக்கம் கெட்டா ரியாக்‌ஷன் கெடறது எல்லாருக்கும் உண்டு, ஆம்பளைக்கும் உண்டு. பீரியட்ஸுக்கு முந்தின ராத்திரி வலில முழிச்சு கெடந்துட்டு மறுநாள் சொதப்பினா பழிய ஹார்மோன் மேல போடறோம், பாதி குத்தம் தூக்கத்து மேல.

ஸ்டெப் 2: ஸ்கேல் டெஸ்ட்

இதுக்கு ஒரு 30 செ.மீ. ஸ்கேலும் ஒரு பிரெண்டும் வேணும். ஸ்டீல் ஸ்கேல் நல்லது. பிளாஸ்டிக் ஸ்கேல் தேவனாம்பட்டினம் பீச் காத்துல தலையாட்டிகிட்டே விழும், அதனால வெளிய செய்யறீங்கன்னா செவுத்து ஓரமா போயிடுங்க.

முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு பெஞ்சு மேலயோ திட்டு மேலயோ வெச்சுக்கோங்க, கை மட்டும் வெளிய தொங்கணும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரெண்டு விரல் அளவு இடைவெளி. பிரெண்டு ஸ்கேல மேல் முனைல புடிச்சு, 0 உங்க கட்டை விரல் மேல் விளிம்புக்கு நேரா வர்ற மாதிரி தொங்க விடணும். அப்புறம் சொல்லாம கொள்ளாம விடணும். "ஒன் டூ த்ரீ" சொல்லக் கூடாது, ஒரு தடவை சட்டுனு, ஒரு தடவை நாலு செகண்ட் கழிச்சு. நீங்க பிரெண்டு மூஞ்சிய பாக்கக் கூடாது, சிரிப்பு வந்தா விடப் போறான்னு தெரிஞ்சிடும், ஸ்கேலோட கீழ் முனைய மட்டும் பாருங்க. புடிச்ச எடத்துல கட்டை விரலுக்கு மேல என்ன நம்பர்னு படிங்க. வேர்வை கை வழுக்கும், ஒவ்வொரு தடவையும் டவல்ல தொடச்சுக்கோங்க.

7 தடவை. இருக்கறதுலயே நல்லதையும் மோசமானதையும் அடிச்சிடுங்க, மிச்சம் 5-க்கு சராசரி. முழு ஸ்கேலும் கையில சிக்காம விழுந்துச்சுன்னா 30-னு போட்டுக்கோங்க.

கீழ விழற பொருளுக்கு ஒரே கணக்கு தான், அதனால தூரத்த நேரமா மாத்திக்கலாம். 10 செ.மீ.ல புடிச்சா சுமார் 143 மில்லி செகண்ட், 15-னா 175, 20-னா 202, 25-னா 226, 30-னா 247. இதுல ஒண்ணு கவனிங்க, 20 செ.மீ. புடிக்கறவங்களுக்கு 10 மில்லி செகண்ட் வித்தியாசம்ங்கறது ஸ்கேல்ல வெறும் 2 செ.மீ. சும்மாவே ஒரு நாளுக்கு ஒரு நாள் அதுக்கு மேல ஆடும். அதனால இன்னிக்கு 22, நேத்து 20, அய்யோ பீரியட்ஸ் வரப்போகுதுன்னு ஒரு நாள் ஸ்கோர வெச்சு ஜோசியம் பாக்கக் கூடாது. மாசக்கணக்குல சேந்த சராசரி தான் பேசும்.

ரெண்டாவது ரவுண்டு இன்னும் ஜாலி, கபடி ஆடறவங்க இத விடாதீங்க. இப்ப ஸ்கேல விடும்போதே பிரெண்டு "புடி" இல்லன்னா "விடு"ன்னு சொல்லணும், கலந்து கலந்து 10 தடவை. "விடு"ன்னா கைய அசைக்கக் கூடாது. "விடு"ன்னு சொல்லியும் புடிச்சா தப்பு, "புடி"ன்னு சொல்லி விட்டாலும் தப்பு, தப்ப மட்டும் எண்ணி எழுதுங்க. லண்டன்ல சிரிக்கற முகம் காட்டி பாத்தது இதே சமாச்சாரம் தான், கைய அடக்கறது. ரெய்டர் உள்ள வந்து தோள ஒரு வெட்டு வெட்டி ஏமாத்துவா, அந்த பொய்க்கு காலப் புடிக்க பாய்ஞ்ச கார்னர் பொண்ணு அவுட், பொறுத்திருந்து நெசமான அடிக்கு பாய்ஞ்சவ பாயின்ட் எடுப்பா. ஒரு ரெய்டு 30 செகண்ட் தான், அதுக்குள்ள இந்த அடக்கற வேலை ஏழெட்டு தடவை வந்து போகும். கை வேகம் மட்டும் இருந்து இது இல்லாட்டி கபடில பிரயோஜனமில்ல.

ஓ.டி.ல (கடலூர் ஓல்ட் டவுன்) இருந்து வர்ற ஒரு பொண்ணு, வாலிபால்ல நல்ல செட்டர் (அடிக்கறவங்களுக்கு பந்த தூக்கி குடுக்கறவ), ஒரு நாள் மூஞ்ச தொங்கப் போட்டுகிட்டு வந்து "இன்னிக்கு எனக்கு முடியலக்கா, ரெண்டாவது நாள், கையே வரல, நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்"னா. "உக்காந்துக்கோடி, யார் வேணாம்னா, ஸ்கேல மட்டும் புடிச்சிட்டு உக்காரு"ன்னேன். அவளே போட்ட மார்க் 10-க்கு 3. ஸ்கேல்ல வழக்கமா வர்றத விட நல்லாவே வந்துச்சு, "விடு" ரவுண்டுல தப்பே இல்ல. "ஸ்கேல் பொய் சொல்லுதுக்கா"ன்னா. ஒரு நாள் கணக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு தான் அவகிட்டயும் சொன்னேன், ஆனா அந்த 3-க்கும் அந்த ஸ்கோருக்கும் நடுவுல இருந்த தூரத்த அவ கண்ணால பாத்தா பாருங்க, அதுக்கப்புறம் பெஞ்சு கேக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல கேக்க ஆரம்பிச்சா. அதே பொண்ணு இன்னொரு மாசம் நெசமாவே வலி தாங்காம உக்காந்தா, அன்னிக்கு யாரும் ஸ்கேல நீட்டல. வலிக்குதுன்னா வலிக்குது தான், இந்த டெஸ்ட் வலிய பொய்யாக்கறதுக்கு வந்தது இல்ல.

ஸ்டெப் 3: உங்க ஆட்டத்துல இருந்தே ஒரு டெஸ்ட்

ஸ்கேல் எல்லாருக்கும் பொது. அதோட உங்க கேம்ல இருந்து ஒண்ணு சேத்துக்கோங்க. வாலிபால்னா எதிர் கோர்ட் மூலைல சுண்ணாம்புல ஒரு கட்டம் போட்டு 10 சர்வீஸ், எத்தன உள்ள விழுதுன்னு. பேட்மிண்டன்னா ஷார்ட் சர்வீஸ் 10. கபடின்னா கண்ண மூடிகிட்டு ஒத்தக்கால்ல எத்தன செகண்ட் நிக்கறீங்கன்னு ரெண்டு காலுக்கும், பேலன்ஸ் தெரிஞ்சிடும்.

வாரத்துக்கு ரெண்டு நாள் செஞ்சா போதும், தினமும் செஞ்சா சலிச்சிடும். ஆனா ஒரே நேரம், வார்ம் அப் முடிச்ச கையோட, பிராக்டிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. ஒரு நாள் காலைல, ஒரு நாள் களைச்சுப்போய் ராத்திரி 7 மணிக்குன்னு மாத்தி மாத்தி செஞ்சா அந்த நம்பர் குப்பைக்கு தான் போகும்.

ஸ்டெப் 4: மூணு மாசம் கழிச்சு படிக்கறது

முதல் ரெண்டு வாரத்து ஸ்கோர கணக்குல சேக்காதீங்க. ஸ்கேல் புடிக்கறதே ஒரு பழக்கம், பழகப் பழக தானா நல்லா வரும், அத ஹார்மோன் கணக்குல எழுதிடக் கூடாது. அப்புறம் மூணு சைக்கிள் முடிஞ்சதும் ஸ்கோர நாலா பிரிங்க: ரத்தம் போற நாள், அதுக்கப்புறம் முட்டை வரைக்கும், முட்டை கிட்ட மூணு நாலு நாள், அதுக்கப்புறம் பீரியட்ஸ் வரைக்கும். ஒவ்வொண்ணுக்கும் சராசரி போடுங்க. பக்கத்துலயே நீங்க உங்களுக்கு போட்ட மார்க்கோட சராசரியும்.

மூணு மாசமும் ஒரே பக்கமா 2 செ.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா, அது உங்க ஒடம்போட வழக்கம்னு எடுத்துக்கலாம். ஒரு மாசம் இப்படி ஒரு மாசம் அப்படின்னா உங்களுக்கு சைக்கிள் பெருசா ஒண்ணும் பண்ணல, நிம்மதியா ஆடுங்க. நெறைய பேருக்கு இப்படித்தான் வரும். மார்க் மட்டும் விழுந்து ஸ்கோர் விழலன்னா, அந்த நாள்ல உங்க தெம்பு தான் இறங்குது, திறமை அங்கயே இருக்கு. மார்க்கும் ஸ்கோரும் சேந்து விழுந்தா தான் பிராக்டிஸ மாத்தறத பத்தி யோசிக்கணும்.

முட்டை வர்ற நாள துல்லியமா தெரிஞ்சிக்கணும்னா மெடிக்கல்ல எல்.எச். ஸ்ட்ரிப் கெடைக்கும், யூரின்ல பாக்கறது. ஸ்கூல் பொண்ணுங்களுக்கு அவ்ளோ தேவையில்ல. அதுலயும் வயசுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்களுக்கு பல மாசம் முட்டையே வராம ரத்தம் மட்டும் வரலாம், அவங்க நாலு கட்டம் எல்லாம் பிரிக்க வேணாம், ரத்தம் போற நாள், போகாத நாள்னு ரெண்டா பிரிச்சா போதும்.

ஸ்டெப் 5: பிராக்டிஸ்ல என்ன மாத்தறது

கம்மியா தான். ரெண்டாவது பாதில ஸ்லோ ஆகறவங்க புது டெக்னிக், புது காம்பினேஷன் கத்துக்கறத முதல் பாதிக்கு தள்ளிக்கலாம், ரெண்டாவது பாதில தெரிஞ்சதையே திரும்ப திரும்ப போடலாம். வார்ம் அப்ப அஞ்சு பத்து நிமிஷம் நீட்டி, அதுல ரியாக்‌ஷன் டிரில் சேருங்க. அவ்ளோ தான். மாசத்துல ஒரு வாரம் பிராக்டிஸே வேணாம்னு சொல்ற சார்ட்டுக்கு ஆதாரம் கெடையாது, அந்த 70 மில்லி செகண்ட ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல பெரிய பிரச்சனை வெயில். ரெண்டாவது பாதில ஒடம்பு ஏற்கனவே 0.3, 0.5 டிகிரி ஏறி இருக்கு, மேல அக்னி நட்சத்திரம், அதுக்கு மேல கடல் ஓரத்து ஈரக்காத்துல வேர்வை காயவே காயாது. அந்த நாள்கள்ல சீக்கிரம் மூச்சு வாங்கும், அது சோம்பேறித்தனம் கெடையாது. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சிடற மாதிரி வெச்சுக்கோங்க, உப்பு போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொண்டு வாங்க, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிங்க.

முட்டி. பொண்ணுங்களுக்கு முட்டிக்குள்ள இருக்கற ஏ.சி.எல். தசைநார் கிழியறது ஆம்பளைங்கள விட ரெண்டு மடங்குக்கும் மேல நடக்குது. சைக்கிள்ல எந்த நாள்ல அதிகம்ங்கறது இன்னும் அடிச்சு பேசற அளவுக்கு வரல, அதனால நாள் பாத்து பயப்படறத விட்டுட்டு குதிச்சு இறங்கற பயிற்சிய மாசம் முழுக்க செய்யுங்க. முட்டி உள்பக்கம் சாயாம, ரெண்டு காலும் சேந்து, சத்தம் வராம இறங்கணும்.

ஸ்டெப் 6: அந்த நாள்ல கிரவுண்டுக்கு வர்றது

சும்மா சொல்லக் கூடாது, நெறைய பேருக்கு ஆட்டம் கெடறது ஹார்மோனால இல்ல, பேடு நகர்ந்துடுமோ கறை தெரிஞ்சிடுமோங்கற பயத்துல. பாதி கவனம் அங்க போனா ரியாக்‌ஷன் எங்க இருந்து வரும். விம்பிள்டன்லயே 2023-ல இருந்து வெள்ளை ஸ்கர்ட்டுக்கு உள்ள டார்க் கலர் ஷார்ட்ஸ் போடலாம்னு விட்டுட்டாங்க. நம்ம டீம் ஜெர்சிக்கு வெள்ளை ஷார்ட்ஸ் தேர்ந்தெடுக்கற சார்மார் கிட்ட இத சொல்லுங்க. உள்ள டைட்டா ஒரு கருப்பு சைக்கிளிங் ஷார்ட்ஸ், விங்ஸ் வெச்ச பேடு, டைவ் அடிக்கறவங்க ரெண்டு பக்கமும் நல்லா அழுத்தி ஒட்டுங்க. தொடை உரசி புண்ணாகறவங்க தேங்காய் எண்ணெய் தடவிக்கலாம். அஞ்சாறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும், வேர்வைல இன்னும் சீக்கிரம். பேடுக்கு பதிலா உள்ள வெக்கற மென்ஸ்ட்ருவல் கப் பழகினவங்களுக்கு ஓடறது குதிக்கறது எல்லாம் சுலபம், 8 மணி நேரத்துக்கு மேல தாங்கும், ஆனா மேட்ச் அன்னிக்கு முதல் தடவையா ட்ரை பண்ணாதீங்க. தமிழ்நாட்டுல புதுயுகம் திட்டத்துல வளரிளம் பொண்ணுங்களுக்கு ஸ்கூல்லயும் அங்கன்வாடி வழியாவும் ப்ரீயா நாப்கின் தர்றாங்க, அதுல ஒரு பாக்கெட் எப்பவும் கிட் பேக்ல கெடக்கட்டும். ஒரு நியூஸ் பேப்பர், ஒரு கவர், மாத்து ஷார்ட்ஸும்.

பாண்டி, நெய்வேலி, சிதம்பரம்னு வெளியூர் மேட்ச் போறப்ப டாய்லெட் எங்க இருக்கு, தண்ணி வருதா, தாழ்ப்பா இருக்கான்னு போய் இறங்கினதும் முதல்ல பாருங்க. நான் போன ஒரு கிரவுண்டுல கதவ வெளிய ஒரு பொண்ணு காலால முட்டு குடுத்து நின்னா தான் உள்ள இன்னொருத்தி போக முடியும். ஈ.சி.ஆர்.ல பஸ் ஏறறதுக்கு முன்னாடியே வீட்ல மாத்திக்கறது நல்லது.

வலிக்கு வர்றேன். கர்ப்பப்பை சுருங்கறதுக்கு காரணம் புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள், மெஃபனாமிக் ஆசிட், இபுபுரோஃபன் மாதிரி மாத்திரை அது உண்டாகறதயே தடுக்கும், அதனால வலி உச்சத்துக்கு போன பின்னாடி போடறத விட ஆரம்பத்துலயே போட்டா தான் கேக்கும். ஆனா எந்த மாத்திரை எவ்ளோன்னு ஒரு தடவை டாக்டர் கிட்ட கேட்டுடுங்க, வெறும் வயித்துல போடாதீங்க, தண்ணி குடிக்காம வெயில்ல ஆடற நாள்ல போட்டா கிட்னிக்கு கஷ்டம். வெந்நீர் ஒத்தடம், மெதுவா ஒரு நட இதெல்லாம் நெசமாவே உதவும்.

கோயில், கல்யாணத்துக்கு தள்ளிப்போட மெடிக்கல்ல வாங்கற மாத்திரைய மேட்ச்சுக்கும் வாங்கற பழக்கம் வந்திருக்கு. பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன். அக்காவுக்கு குடுத்ததுன்னு தங்கச்சி போடற சமாச்சாரம் இல்ல அது. ரத்தம் உறையற பிரச்சனை வீட்ல யாருக்காவது இருந்தா ஆபத்து, வயிறு உப்பசம், தலைவலின்னு வந்து மேட்ச் அன்னிக்கு இன்னும் மோசமாகலாம். டாக்டர் சொல்லாம வேணாம்.

ஸ்டெப் 7: சாப்பாடு, ரத்தம்

மந்தம், மூச்சு வாங்கறது, கவனம் நிக்காதது இது மூணும் மாசம் பூரா இருந்துச்சுன்னா சைக்கிள் சார்ட்ட மூடி வெச்சுட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. நாட்டுல 15-ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. ஹீமோகுளோபின் 12-க்கு கீழ போனா ரத்த சோகை. அது சரியா இருந்தும் களைப்பு போகலன்னா ஃபெரிட்டின் பாக்க சொல்லுங்க, சேமிப்புல இரும்பு இருக்கான்னு அது காட்டும். ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கற நீல கலர் மாத்திரைய ஜன்னல் வழியா வீசாதீங்க, எல்லாரும் வீசறது எனக்கு தெரியும்.

நெத்திலி, முட்டை, முருங்கைக்கீரை, சுண்டல், எள்ளுருண்டை, முடிஞ்சா மாசம் ரெண்டு தடவை ஈரல் இல்ல சுவரொட்டி. சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க, இரும்ப ஒட்ட விடாது, ஒரு மணி நேரம் போகட்டும். எலுமிச்சம் பழம் புழிஞ்சுகிட்டா நல்லா ஏறும்.

வெயிட் கொறைக்கறேன்னு ராத்திரி ரெண்டு இட்லியோட நிறுத்தற பொண்ணுங்க கிட்ட தனியா ஒரு வார்த்தை. பீரியட்ஸ் நின்னு போச்சு, தொல்ல விட்டுதுன்னு சந்தோஷப்படாதீங்க. பயிற்சிக்கு ஏத்த சாப்பாடு இல்லன்னா ஒடம்பு முதல்ல மூடற கடை இது தான், அதுக்கப்புறம் எலும்பு தேய ஆரம்பிக்கும், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்புல சின்ன விரிசல் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே இதுக்கு தனியா பேர் வெச்சு எச்சரிச்சு, 2023-ல இன்னும் விரிவா எழுதியிருக்காங்க.

எப்ப டாக்டர் கிட்ட போகணும்

மூணு மாசம் வரல. 15 வயசாகியும் வயசுக்கு வரல. ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையுது. 7 நாளுக்கு மேல போகுது. ரெண்டு ரூபா காசு சைஸ விட பெருசா கட்டி கட்டியா வருது. மாத்திரை போட்டும் ஸ்கூல், பிராக்டிஸ் எதுக்கும் போக முடியாத வலி. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் வாழவே பிடிக்கலங்கற அளவுக்கு மனசு போகுது. இதுல எது இருந்தாலும் காத்துகிட்டு இருக்காதீங்க. கடலூர்னா மஞ்சக்குப்பத்துல இருக்கற அரசு தலைமை மருத்துவமனை, பாண்டின்னா எல்லைப்பிள்ளைச்சாவடில பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும்னே இருக்கற ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி, இல்லன்னா ஜிப்மர். போறப்ப அந்த நோட்ட எடுத்துட்டு போங்க, கடைசியா எப்ப வந்துச்சுன்னு டாக்டர் கேட்டா முழிக்க வேணாம்.

கோச்சுக்கும் வீட்டுக்கும்

நோட்டு பொண்ணோடது. கோச் அத வாங்கி வெச்சுக்கக் கூடாது, டீம் வாட்ஸ்அப் குரூப்ல யாருக்கு எந்த நாள்னு லிஸ்ட் போடற பழக்கம் எங்க இருந்தாலும் நிறுத்துங்க. நோட்ட பாத்து டீம் செலக்‌ஷன் பண்றது அநியாயம், அந்த நாள்ல ஒருத்தி நல்லா ஆடுவாளா மாட்டாளான்னு உங்களுக்கு தெரியாது, அவளுக்கே தெரியாது. கேக்கணும்னா எல்லா பொண்ணுங்களையும், எல்லா நாளும், ஒரே கேள்வியா கேளுங்க: "இன்னிக்கு 10-க்கு எவ்ளோம்மா?" காரணம் சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம். ஆம்பள கோச்னா டீம்ல ஒரு சீனியர் பொண்ணையோ ஒரு மேடத்தையோ நடுவுல வெச்சுக்கோங்க, "சார், அக்காகிட்ட சொல்லிட்டேன்"னு சொன்னா அதுக்கு மேல கேள்வி வேணாம்.

அம்மாமாருக்கு: உளுந்தங்களி கிண்டி குடுங்க, நல்லெண்ணெய் ஊத்தி, வேணாம்னு சொல்லல. ஆனா மூணு நாள் மூலைல உக்கார வெக்காதீங்க. அவ போகணும்னா போகட்டும், முடியலன்னா வீட்ல இருக்கட்டும். அவ நோட்டுல எழுதறத நீங்க தொறந்து படிக்கவும் வேணாம், அவளே காட்டுவா.